சம்பளம் வாங்காத நிர்வாகிகளும் கடல் கடந்த உதவியும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சாமையும் புளியும் பலாவும் தேனும் இந்த மலையின் வாழ்வாதாரங்கள். மலையாளி பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் பகுதி இது. வெளியூர்க்காரர்களுக்குக் காவலூர் என்றால் நினைவுக்கு வருவது வைணு பாப்பு வானாய்வகம்தான். 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986-இல் திறந்துவைக்கப்பட்டது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, இப்படி ஒரு மலைக் கிராமத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் சோலார் தெருவிளக்காகத்தான் இருக்கும். கம்பம் நட்டு, பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடலாம். பணம் கொடுத்தவர்களுக்கும் மனம் நிறையும். ஆனால் காவலூரில் தொலைநோக்கியை நிறுவியதற்கு ஒரு முக்கியக் காரணமே அங்கே இரவு வானம் இருட்டாக இருப்பதுதான். மேல்நோக்கி ஒளி சிந்தும் ஒவ்வொரு விளக்கும் அங்கு நடக்கும் ஆய்வுக்கு இடைஞ்சல். விளக்கு வேண்டாம் என்பதல்ல. ஒளி தரையை நோக்கி மட்டும் விழும்படி மூடி போட்ட விளக்காக இருக்க வேண்டும். இது வெளிநாட்டில் உட்கார்ந்து தீர்மானம் போடுபவருக்குத் தெரியாது. அந்த ஊரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஊர் மக்களுக்கு விளக்கைவிட அவசரமான தேவை வேறு எதுவும் உண்டா என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கொடுப்பவர் ஓரிடத்தில், பெறுபவர் வேறிடத்தில், முடிவெடுப்பவர் கொடுப்பவர் பக்கத்தில். கடல் கடந்து பணி செய்யும் சிறு அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் இது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவிலும் விடுமுறை நாளிலும் அமைப்பைக் கவனிப்பவர்கள். இவர்களின் இக்லாஸில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லெண்ணம் மட்டும் அந்தத் தூரத்தைக் குறைத்துவிடாது. அதற்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும். அவற்றைப் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

தஞ்சோங் பகார் தந்த பாடம்

தூரமே இல்லாத ஒரு முன்மாதிரி நம் சமுதாய வரலாற்றில் இருக்கிறது. நெசவுக்குப் பெயர்போன கடையநல்லூரிலிருந்து கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் சிங்கப்பூருக்குச் சென்றார்கள். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகவே கப்பலேறினார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் மனைவி மக்களோடு போய்க் குடியேறியது அன்று அபூர்வம். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் அவர்கள் வாழ்ந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருமானத்துக்குக் கைகொடுத்தார்கள்.

இவர்கள் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீகைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. அமைப்பு தொடங்கிய சூட்டோடு போர் வந்தால், பெரும்பாலான சங்கங்கள் அத்தோடு மறைந்துபோகும். இது மறையவில்லை. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், ஏ.என். மெய்தீன் முன்னின்று நடத்த, லீக் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியானது. சிங்கப்பூரில் தமிழை பயிற்று மொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப் பள்ளி அதுதான். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாட, மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982-இல் பள்ளி மூடப்பட்டது. பெயர் மட்டும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது.

செல்வந்தர் ஒருவரின் கொடையை நம்பி எழுந்த பள்ளியல்ல இது. உழைத்துப் பிழைத்த மக்களின் சங்கம் எழுப்பியது. அவர்கள் பிள்ளைகளே அங்கு படித்தார்கள். ஆசிரியர் சரியில்லை என்றாலும் கூரை ஒழுகினாலும் நிர்வாகிகள் வீட்டிலேயே செய்தி கேட்டுவிடும். கொடுத்தவர், நிர்வகித்தவர், பயன்பெற்றவர் மூவரும் ஒரே தெருவில் வாழ்ந்ததால், யாரும் யாருக்கும் அறிக்கை எழுதாமலே கணக்குக் கேட்க முடிந்தது.

இன்று ரியாத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு உதவுபவருக்கு அந்த வசதி இல்லை. அந்தத் தெருவுக்குப் பதிலாக ஒன்றை அவர் திட்டமிட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

யாரிடம் கேட்பது

1991-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் மூவர் தொடங்கிய ‘ஆஷா ஃபார் எஜுகேஷன்’ இதற்கு ஒரு வழி கண்டது. அவர்களில் ஒருவரான சந்தீப் பாண்டேவுக்குப் பின்னர் 2002-இல் மகசேசே விருது கிடைத்தது. இந்தியாவில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக நடக்கும் திட்டங்களுக்கு அமெரிக்க நகரங்களில் உள்ள அதன் கிளைகள் பணம் திரட்டுகின்றன. கிளைகளை நடத்துவோர் தன்னார்வலர்களே. ஒவ்வொரு திட்டத்துக்கும் கிளையில் ஒருவர் பொறுப்பு. களத்தில் இருப்பவர்களிடம் தொலைபேசியில் பேசுவது, வரவு செலவைக் கேட்டு வாங்குவது, மறு ஆண்டு உதவியைத் தொடரலாமா என்று கிளைக் கூட்டத்தில் வாதிடுவது எல்லாம் அவர் வேலை. தன்னார்வலர்கள் விடுமுறையில் இந்தியா வரும்போது திட்டம் நடக்கும் ஊருக்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். அந்த அறிக்கைகள் பொதுவெளியில் வைக்கப்படுகின்றன.

இதில் நமக்குப் பிடித்தது, பொறுப்பு தலைவரிடம் குவியாததுதான். நம் அமைப்புகள் பலவற்றில் தலைவரின் கைபேசிக்குத்தான் எல்லா அழைப்பும் வருகிறது. பயனாளியின் பெயர், மருத்துவச் சீட்டு, வங்கி விவரம் எல்லாம் அதில்தான். அவர் உம்ரா போனால் அமைப்பும் அந்த இரண்டு வாரம் உம்ராவில்தான்!

மலைப்பகுதியில் யாரிடம் கேட்பது என்பதற்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பள்ளி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளை அரசு நிர்வகிக்குமானால், அதற்காக வன நிலத்தை ஒதுக்க இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம்தான். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். ‘காசு இருக்கிறது, போர் போட்டுத் தருகிறோம்’ என்று கிளம்புகிறவர்கள், அந்த இடம் பட்டா நிலமா வன நிலமா என்று முதலில் பார்க்க வேண்டும். வன நிலம் என்றால் பணம் தயாராக இருப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது.

நம் சமுதாய அமைப்பு ஒன்று முஸ்லிம்கள் அதிகம் இல்லாத மலைக்கிராமத்துக்குப் போகும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜகாத்தை முஸ்லிமல்லாதோருக்குக் கொடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொதுவான ஸதகாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கலந்துவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்ப்பது தலைவலிதான். வசூலிக்கும்போதே ரசீதில் பிரித்து எழுதிவிடுவது நல்லது. உதவிக்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்கிறதோ என்ற ஐயம் ஊரில் எழ இடம் கொடுக்கவும் கூடாது. பள்ளித் தலைமை ஆசிரியரும் ஊராட்சியும் அறியச் செய்யும் உதவிக்கு அந்த ஐயம் வருவது குறைவு.

பணம் வரும் பாதை

சிறு அமைப்புகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்துவது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம். எஃப்.சி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாமே இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் குவைத்தில் சம்பாதித்துத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊரில் உள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பெறும் அறக்கட்டளை அவருடைய கடவுச்சீட்டு விவரத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஊர்க்காரர் பிரிட்டிஷ் அல்லது சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்புதான். ஒரே தெருவில் பிறந்த அண்ணன் தம்பி இருவர் கொடுக்கும் பணம் சட்டத்தின் முன் இரண்டு விதமாகிவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம், பலர் கவனிக்காதது. நாற்பது பேரும் இந்தியர்களே. ஆனால் வெளிநாட்டில் மன்றம் அமைத்து, பணத்தை மன்றத்தின் கணக்கில் சேர்த்து, மன்றத்தின் பெயரால் அனுப்புகிறார்கள் என்றால்? வெளிநாட்டில் அமைக்கப்பட்ட அல்லது பதிவு செய்யப்பட்ட சங்கமும் சட்டப்படி ‘வெளிநாட்டு மூலம்’தான். உறுப்பினர்கள் தனித்தனியாகத் தம் கணக்கிலிருந்து அனுப்புவதும், மன்றம் மொத்தமாக அனுப்புவதும் ஒன்றல்ல.

வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெற வேண்டுமென்றால் ஊரில் உள்ள அமைப்பு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெற்றிருக்க வேண்டும். பொதுவாக அதற்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். புதிய அமைப்புகள், குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகையைப் பெற ‘முன் அனுமதி’ கேட்கலாம். 2020-இல் வந்த திருத்தம் மேலும் இறுக்கியது. முதல் வரவு டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவது அடியோடு தடை செய்யப்பட்டது.

சிறு அமைப்புகளுக்கு உண்மையில் வலித்தது இந்தக் கடைசி விதிதான். முன்பெல்லாம் பதிவு பெற்ற பெரிய அறக்கட்டளை ஒன்று வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும், பதிவு பெற்ற சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடிந்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது கிராமத்தில் இருப்பவரே பதிவு பெற வேண்டும், அல்லது பெரிய அறக்கட்டளை தன் பெயரில், தன் ஊழியரை வைத்து நேரடியாகச் செய்ய வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, உண்டியலில் போட்டுவிட்டால் நாளையே ஊருக்குப் போய்விடுமே என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது குற்றம். மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஊரில் பணத்தை வாங்கிய ஏழைத் தன்னார்வலராகத்தான் இருப்பார்.

பணம் கிளம்பும் நாட்டிலும் சட்டம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டக் கூடாது என்கிறது. மீறினால் லட்சக்கணக்கான திர்ஹம் வரை அபராதம் உண்டு. 2016-இல் துபாயில், ஆப்கன் அகதிகளுக்கான நிதி திரட்டலை முகநூலில் பகிர்ந்ததற்காக வெளிநாட்டவர் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டது உலகச் செய்தியானது. வாட்ஸ்அப் குழுவில் ‘ஒரு சகோதரரின் அறுவை சிகிச்சைக்கு உதவுங்கள்’ என்று வங்கி எண்ணோடு அனுப்பும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்ட அனுமதி பெற வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காடாவது அந்நாட்டிலேயே செலவாக வேண்டும் என்பது அங்கு பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு விலக்குக் கேட்கலாம். இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக அறநிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே அறங்காவலர் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவரே. அதற்காகப் பொறுப்பு குறையாது. அமைப்பின் பணம் வேறு நாட்டில் எப்படிச் செலவானது என்பதற்கும் அவரே சட்டப்படி பதில் சொல்ல வேண்டும்.

நாற்காலியை விட்டு எழுவது

பினாங்கில் இன்றும் கம்பீரமாக நிற்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் முன்னின்று எழுப்பியது. பள்ளிவாசலைச் சுற்றி விலைமதிப்புள்ள வக்ஃப் நிலமும் இருந்தது. நிறுவியவர் காலத்துக்குப் பின் நிர்வாகம் சீர்குலைந்து, சொத்துகள் பராமரிப்பின்றி, வழக்குகளுக்கு இடமாயின. கடைசியில் பிரிட்டிஷ் அரசு 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, ஒரு வாரியத்திடம் அவற்றின் நிர்வாகத்தை ஒப்படைத்தது. நம்மவர் சொத்தை நம்மவரே சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் அரசு உள்ளே வந்தது. இதைப் படிக்கும் முதவல்லிகளுக்கு நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

காயல்பட்டினத்தார் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். ஜித்தா, ரியாத், தம்மாம், துபாய், ஹாங்காங், சிங்கப்பூர் என்று அவ்வூர் மக்கள் வாழும் இடமெல்லாம் நல மன்றங்கள் உண்டு. ஒவ்வொரு மன்றமும் தனித்தனியாகக் கல்வி உதவி வழங்கினால் ஒரே மாணவர் நான்கு இடத்தில் விண்ணப்பிப்பார், கூச்சப்படும் மாணவர் ஓரிடத்திலும் விண்ணப்பிக்கமாட்டார். ஊரிலேயே இக்ராஃ கல்விச் சங்கம் என்ற பொது அமைப்பை வைத்து, விண்ணப்பம் வாங்குவதையும் விசாரிப்பதையும் அங்கே ஒருமுகப்படுத்தினார்கள். மருத்துவ உதவிக்கு ‘ஷிஃபா’ என்ற அமைப்பு இதே பாணியில் வந்தது. இக்ராஃவின் தலைமைப் பொறுப்பு மன்றங்களுக்கிடையே சுழற்சி முறையில் மாறி வந்திருக்கிறது. ஒரு மன்றம் தளர்ந்தாலும் அலுவலகம் ஊரில் இருக்கிறது. கோப்பு அலமாரியில் இருக்கிறது.

வளைகுடாவில் இருப்போருக்கு இது வெறும் நிர்வாக விஷயமல்ல. நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால், ‘ஃபைனல் எக்ஸிட்’ வாங்கிக்கொண்டு சில வாரங்களில் நாடு திரும்ப வேண்டியதுதான். 2020 கொரோனா காலத்தில் எத்தனை பேர் அப்படித் திரும்பினார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். பொருளாளரே கிளம்பிவிட்டால் வங்கிக் கையெழுத்து, கடவுச்சொல், பாக்கி வாக்குறுதிகள் எல்லாம் என்னவாகும்? கையெழுத்துப் போட மூன்று பேர், அவர்களில் ஒருவராவது வேறு நகரத்தில். பயனாளிப் பட்டியல் இரண்டு இடத்தில். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை. சிறு அமைப்புக்கு இவ்வளவு போதும். ‘இவரை விட்டால் ஆளில்லை’ என்று ஒருவரைப் பத்தாண்டு உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். அவர் வீட்டில் கேட்டால் வேறு பதில் வரும்.

நிர்வாகி தனிப்பட்ட முறையில் எழுதுவதும் பேசுவதும் அமைப்பின் தலையில்தான் விடியும். 1984-இல் பர்மிங்காமில் மருத்துவர் ஹானி அல்பன்னா தொடங்கிய இஸ்லாமிக் ரிலீஃபின் முதல் நன்கொடை வெறும் 20 பென்ஸ் என்று சொல்வார்கள். உலகம் முழுக்கப் பணி செய்யும் அளவுக்கு வளர்ந்த அந்த அமைப்பின் அறங்காவலர் குழு மொத்தமும் 2020-இல் பதவி விலக நேர்ந்தது. அறங்காவலர்கள் சிலர் தம் சொந்தச் சமூக ஊடகப் பக்கங்களில் போட்டிருந்த பழைய பதிவுகளே காரணம். களத்தில் உயிரைக் கொடுத்து உழைத்த ஊழியர்களுக்கு அந்தப் பதிவுகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒருவருக்காவது சம்பளம்

நிர்வாகிகள் சம்பளம் வாங்காதது நல்லது. ஆனால் ‘ஒரு ரூபாய்கூட நிர்வாகத்துக்குச் செலவிடவில்லை’ என்று பெருமைப்படும் அறிக்கைகளைப் படிக்கும்போது நமக்குச் சற்றுக் கவலை வருகிறது. யாரோ ஒருவர் ஊரில் பெட்ரோல் போட்டு அலைகிறார், மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறார், ரசீது எழுதுகிறார். அந்தச் செலவு கணக்கில் இல்லை என்றால் அவர் தலையில் ஏறியிருக்கிறது என்று பொருள். ஜகாத்தைத் திரட்டி நிர்வகிக்கும் பணியாளர்களுக்கே அதில் பங்கு ஒதுக்கிய மார்க்கத்தில், களப்பணியாளருக்கு ஊதியம் கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? எஃப்.சி.ஆர்.ஏ. விதிகளும் ஆசிரியர், மருத்துவர் போன்று பணியை நேரடியாகச் செய்வோரின் சம்பளத்தை நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை.

காவலூர் போன்ற இடத்தில் அந்த ஒருவர் அந்த மலையிலேயே பிறந்து படித்த இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருந்தால் மிக நல்லது. மழைக்காலத்தில் எந்தப் பாதை துண்டிக்கப்படும், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டுவிட்டது, சாமை அறுவடை நேரத்தில் கூட்டம் போட்டால் ஏன் யாரும் வரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊர் வரும் நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது; 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்துகொண்டன. இவற்றில் ஏதாவது ஒன்றை ஒட்டி டிக்கெட் போடுங்கள். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, அந்த ஊர்ப் பெண்கள் எதைக் கேட்டுச் சத்தம் போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எதுவும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அவர்கள் கேட்பது தெருவிளக்காகவே இருந்துவிட்டால், மலை இறங்கும் முன் வானாய்வகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.